பூக்கோ என்று எதைச் சொல்லலாம்? "மரபுப் பாணி" கத்திக்கு எல்லைக்கோடு எங்கே?

உலைக்கரி (ஓசூர்) | ஞாயிறு, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். பின்லாந்தின் மரபுக் கைக்கத்தியான பூக்கோவைப் பார்த்து ஒரு கத்தி முடித்தேன். அளவைச் சொல்லிவிடுகிறேன். அலகு 11 செ.மீ., முதுகில் 4 மி.மீ. கனம். லாரிப் பட்டையில் (லாரியின் ஸ்பிரிங் பட்டை எஃகு) அடித்தது. வால், அதாவது பிடிக்குள் போகும் அலகின் பின்பகுதி, பிடியின் முழு அகலத்துக்கும் கடைசிவரை ஓடுகிறது. இரண்டு பக்கமும் ஈட்டி மரப் பலகை வைத்து ஒட்டி, மூன்று பித்தளை ரிவிட். விரல் வழுக்கி வெட்டும் வாய்மேல் போகாமல் இருக்கக் கீழ்ப்பக்கம் சின்னதாக ஒரு காப்பு. முதுகு நேர். வாயை நோக்கி இறங்கும் சரிவு ஒரே தட்டையாக விளிம்பு வரை போகிறது, தனியாக இரண்டாவது சரிவு கிடையாது.

இதற்கு "பின்லாந்துப் பூக்கோ பாணி" என்று தலைப்புப் போட்டு விற்பனைக் குழுவில் ஏற்றினேன். "இதில் பூக்கோ எந்த இடத்தில் இருக்கிறது?" என்று ஒருவர் கேட்டார். "பாணி என்றுதானே போட்டிருக்கிறார், அப்படியே என்று சொல்லவில்லையே" என்று இன்னொருவர் எனக்காகப் பேசினார். இரண்டு பேருமே சரியாகத்தான் பேசுகிறார்கள் என்று தோன்றுகிறது, அதுதான் குழப்பம். ஒரு மரபுக் கத்தியைப் பார்த்துச் செய்யும்போது எதையெல்லாம் மாற்றலாம், எதை மாற்றினால் பெயரையும் விட்டுவிட வேண்டும்? கைவேலைக்காரர்கள் சொல்லுங்கள்.

சாணைக்கல் (கோயம்புத்தூர்) | ஞாயிறு, இரவு 9.42

நேர் முதுகு, விளிம்பு வரை ஒரே சரிவு. எனக்கு அது போதும். கத்தி என்பது அலகுதான், மற்றதெல்லாம் பிடித்துக்கொள்ள. விலை என்ன போட்டிருக்கிறீர்கள்?

வடதுருவம் (தம்பரே, பின்லாந்து) | திங்கள், அதிகாலை 1.25

அலகு மட்டும்தான் கத்தி என்றால் பூக்கோவைப் பற்றிப் பேசுவதற்கே ஒன்றும் இல்லை, சாணைக்கல் சார்.

நான் இங்கே வேலைக்கு வந்தவன். நகராட்சி நடத்தும் மாலைநேரக் கைத்தொழில் வகுப்பில் பூக்கோ செய்யக் கற்றேன். இங்கே தையல், நெசவு, மரவேலை வகுப்புகளுக்குப் பக்கத்து அறையில் இதுவும் நடக்கும். ஓய்வு பெற்ற ஆட்கள்தான் அதிகம். அங்கே முதல் நாளே தெரிந்துவிடும், அலகை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. பலர் நல்ல கொல்லரிடம் அலகை வாங்கி வந்து பிடியும் உறையும் மட்டும் செய்வார்கள். அதையும் "என் பூக்கோ" என்றுதான் சொல்வார்கள். ஒருவரும் சண்டைக்கு வருவதில்லை.

உலைக்கரி தம்பி, உங்கள் கத்தியில் எனக்கு உறுத்துவது இரண்டு. காப்பு, முழு அகல வால்.

காப்பு ஏன் இல்லை என்றால், இது குத்தும் கத்தி இல்லை, செதுக்கும் கத்தி. மரத்தைச் சீவும்போது பலம் எல்லாம் கைக்குப் பக்கத்தில் இருக்கும் வாயில்தான் இருக்கிறது. அதனால் பூக்கோவில் பிடி முடிந்ததுமே வாய் தொடங்கிவிடும். காப்பு வைத்தால் வாய் ஒரு விரல் தூரம் தள்ளிப்போகும், பலமும் அதோடு போகும். அதோடு, வாயை மேலே திருப்பிப் பிடிப்பது, மார்போடு அணைத்து இழுப்பது என்று கை ஓயாமல் இடம் மாறும். காப்பு ஒவ்வொரு முறையும் விரலில் இடிக்கும்.

வால் விஷயம் இதைவிட முக்கியம். பூக்கோவின் வால் ஒல்லியாக, பிடியின் நடுவே நுழைந்து பின்பக்கம் வெளியே வரும். அங்கே ஒரு பித்தளைத் தகட்டின் மேல் நுனியைத் தட்டிப் பரத்தி இறுக்குவார்கள். கையில் இரும்பு எங்கேயும் படாது. மைனஸ் 20-இல் முழு வால் கத்தியைக் கையுறை இல்லாமல் ஐந்து நிமிடம் பிடித்துப் பாருங்கள், ஏன் என்று கேட்க மாட்டீர்கள்.

பர்ச் பட்டைப் பிடி என்று ஒன்று இருக்கிறது. கோடை தொடங்கும்போது மரத்தில் சாறு ஏறிப் பட்டை தளரும். அப்போது உரித்துச் சதுரம் சதுரமாக வெட்டி, நடுவில் துளை போட்டு, ஒவ்வொன்றாக வாலில் கோத்துக்கொண்டே போவார்கள். பிடி நீளத்தைவிட நிறையவே கோக்க வேண்டும், ஏனென்றால் நெருக்கும்போது பாதியாகச் சுருங்கும். கடைசியில் நுனியை அறைந்து, அரத்தாலும் உப்புத்தாளாலும் வடிவம் எடுத்தால், ஈரக் கையிலும் வழுக்காத, குளிரில் சில்லிடாத பிடி. இதை முழு வாலில் செய்யவே முடியாது. கட்டுமானம் மாறினால் பொருளே மாறுகிறது என்பதற்கு இதைவிட என்ன உதாரணம் வேண்டும்?

கணக்குப்பிள்ளை | திங்கள், காலை 10.05

வடதுருவம் சார் சொல்வது அருமை. ஆனால் சந்தையில் நடப்பதையும் பார்க்க வேண்டும். காட்டில் தங்கப் போகிறவர்கள் முழு வால்தான் கேட்கிறார்கள். "கட்டையை வைத்து முதுகில் அடித்து விறகு பிளக்கலாமா?" என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. இங்கிலாந்தில் காட்டில் தங்கக் கற்றுக்கொடுக்கும் ரே மியர்ஸ் வடிவமைத்து, கத்திக் கைவினைஞர் ஆலன் வுட் செய்த வுட்லோர் கத்தி முழு வால்தான், சரிவு மட்டும் ஸ்காண்டிநேவிய வகை, விளிம்பு வரை ஒரே சரிவு. அதைப் பார்த்து உலகம் முழுக்க எத்தனை பேர் செய்கிறார்கள்! அவற்றில் பாதிக்கு "பூக்கோ பாணி" என்று பெயர். வாங்குகிறவர் தேடுகிற பெயரைப் போடாவிட்டால் பொருள் கண்ணிலேயே படாது.

வடதுருவம் | திங்கள், மாலை 4.30

வுட்லோர் நல்ல கத்தி. அதைச் செய்தவர்கள் அதைப் பூக்கோ என்று விற்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தனிப் பெயர் வைத்தார்கள், இன்றைக்கு அதுவே ஒரு பாணியாக நிற்கிறது.

மரச்சில்லு (புதுச்சேரி) | திங்கள், இரவு 8.15

நான் கத்தி செய்கிறவள் இல்லை, வாங்கி உபயோகிக்கிறவள். மரக் கரண்டி செதுக்குகிறேன். ஆகவே பெயர் எதுவானாலும் எனக்குக் கவலை இல்லை, ஆனால் பெயரை நம்பி வாங்கினால் கை என்ன எதிர்பார்க்கும் என்று சொல்ல முடியும்.

பூக்கோ என்று சொல்லி விற்கிறவர்களிடம் வாங்கியவற்றில் பாதி, பிடியில் விரல் விரலாகக் குழி தோண்டியவை. படத்தில் பார்க்க அழகு. ஒரு விதமாகப் பிடித்தால் வசதி, வேறு எப்படிப் பிடித்தாலும் அவஸ்தை. செதுக்கும்போது ஒரு நிமிடத்தில் நாலு தடவை பிடி மாறும். பீப்பாய் மாதிரி நடுவில் லேசாகப் பருத்து இரண்டு பக்கமும் ஒடுங்கும் சாதாரணப் பிடிதான் எல்லாவற்றுக்கும் ஒத்துழைக்கிறது. எனக்கு மலிவான மோராக் கத்தியே போதும் என்று ஆகிவிட்டது. பிளாஸ்டிக் பிடி, பார்க்க ஒன்றும் இல்லை, வேலை நடக்கிறது.

அப்புறம் 11 செ.மீ. அலகு எனக்கு நீளம். 8 போதும்.

சாணைக்கல் | திங்கள், இரவு 8.50

மரச்சில்லு அக்கா மோராவைக் கொண்டுவந்து வைத்தது நல்லதாயிற்று. மோரா ஸ்வீடன், பூக்கோ பின்லாந்து, சரி, அண்டை வீடு. ஆனால் வடதுருவம் சொன்ன கணக்கில் பார்த்தால் பிளாஸ்டிக் பிடி போட்ட அந்த ஆலைக் கத்தி (வால் உள்ளேதான் நுழைகிறது, இரும்பு கையில் படாது) பூக்கோவுக்கு நெருக்கம். உலைக்கரி கையால் அடித்து ஈட்டிப் பலகை வைத்துச் செய்தது தூரம். கையால் செய்தது, மரத்தில் செய்தது என்பதெல்லாம் மரபுக்கு அத்தாட்சி இல்லை என்றாகிறது. இதை ஒத்துக்கொள்கிறீர்களா?

வடதுருவம் | செவ்வாய், அதிகாலை 12.40

முழுக்க ஒத்துக்கொள்கிறேன்.

உலைக்கரி | செவ்வாய், காலை 7.20

எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை அண்ணா. குளிரில் கை ஒட்டும் என்பதால் வால் உள்ளே. ஓசூரில் மார்கழியில்கூட அந்தக் குளிர் வராது. இங்கே பிரச்சினை வியர்வையும் மழைக்கால ஈரப்பதமும். காரணம் இல்லாத ஊரில் அந்த வடிவத்தை மட்டும் அப்படியே வைத்தால் அது அலங்காரம்தானே? அலங்காரத்துக்காகப் பழையதைக் காப்பி அடிப்பது மரபு, நம் தேவைக்கு மாற்றுவது மரபு மீறல் என்றால் கணக்கு தலைகீழாக இருக்கிறதே.

இன்னொன்று. பின்லாந்துக்காரர்களே எவ்வளவோ மாற்றியிருக்கிறார்கள். தாபியோ விர்க்காலா 1960களின் தொடக்கத்தில் ஹாக்மன் நிறுவனத்துக்கு வடிவமைத்த பூக்கோ கறுப்பு நைலான் பிடி. அதைப் பூக்கோ இல்லை என்று ஒருவரும் சொல்லக் காணோம். அவருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?

வடதுருவம் | செவ்வாய், இரவு 11.55

நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன்.

விர்க்காலா கண்ணாடி, பாத்திரம், மரச்சிற்பம் என்று பலதும் செய்த பெரிய வடிவமைப்பாளர். அவர் பொருளை மாற்றினார். காப்பு வைக்கவில்லை, அலகு பூக்கோ அலகுதான், பிடி கைக்குள் எப்படித் திரும்ப வேண்டுமோ அப்படித் திரும்புகிறது. ஆகவே நைலான் ஒரு பொருட்டே இல்லை. உங்களுக்கு நான் மைகார்ட்டா (பிசினில் ஊறிய துணி அடுக்குப் பலகை) வேண்டாம், ஈட்டி வேண்டாம் என்று சொல்லவில்லையே. தேக்கில் செய்யுங்கள், ஆற்றோரத்து நீர்மருதில் செய்யுங்கள்.

மாறாத பழைய பூக்கோ ஒன்று எங்கேயோ இருக்கிறது, எல்லோரும் அதிலிருந்து விலகிப் போகிறார்கள் என்று நினைத்தால் அதுவும் சரியில்லை. ஃபிஸ்கர்ஸ் இரும்பு ஆலை 1649-இல் தொடங்கியது, அங்கே கத்தி, கத்தரிக்கோல் செய்யும் பட்டறை 1832-இல் வந்தது. பின்னால் அங்கே வேலை பார்த்த தாமஸ் வுட்வர்ட் என்ற ஆங்கிலேயரிடம் தொழில் கற்றவர் கைனூ பகுதிக் கொல்லர் கல்லே கெரானென். அவர் செய்த பூக்கோவுக்கு அந்த ஆங்கிலேயர் பெயரை ஒட்டித் "தொம்மி" என்றே பெயர் நிலைத்துவிட்டது. இன்றைக்குக் கைனூவின் மரபுக் கத்தி என்றால் அதுதான்! கௌஹவாவில் ஈசாக்கி யார்வென்பா தொடங்கிய நிறுவனத்துக்கு ஆண்டு 1879. பிடியின் கடைசியில் உலோகக் குதிரைத் தலை வைப்பது அந்த ஊர் அடையாளம். குதிரைத் தலையால் மரம் சீவ ஒரு பயனும் இல்லை, பரிசாகக் கொடுக்கவும் இடுப்பில் மினுக்கவும்தான். அதுவும் பூக்கோ மரபில் சேர்த்தி. வடக்கே சாமி (Sámi) என்ற பழங்குடி மக்களின் லெவுகு கத்தி இன்னும் பெரிசு, அலகு அகலம், கிளை வெட்டவும் துருவமான் எலும்பை உடைக்கவும். அதைத் தனியாகத்தான் பேசுவார்கள், பூக்கோவையும் கூடவே இடுப்பில் கட்டியிருப்பார்கள்.

காப்பு வைத்த உறவினரும் உண்டு. ரஷ்யாவில் ஃபின்கா என்று கூப்பிட்டார்கள். பெயரிலேயே பின்லாந்து இருக்கிறது. ஆனால் அது போன வழி வேறு. ரவுடிகளின் கத்தி என்று பெயர் எடுத்து, 1935-இல் சோவியத் அரசு அனுமதி இல்லாமல் வைத்திருக்கவே தடை போட்டது. பிறகு ராணுவத்துக்கென்று செய்த கத்தியில் அதே வம்சத்து அலகுக்கு வளைந்த காப்பு வந்தது. குத்துவதற்குக் காப்பு வேண்டும், சீவுவதற்கு வேண்டாம். வேலை மாறியதும் பெயரும் மாறிவிட்டது, பாருங்கள்.

என்னைக் கேட்டால் பழசு, புதுசு, மரம், நைலான் இதெல்லாம் பார்க்க வேண்டாம். கத்தியின் ஒரு பாகம் இன்னொன்றை எப்படி இழுக்கிறது என்று பாருங்கள். வால் உள்ளே போவதால் பிடி உருண்டையாக முடிகிறது. காப்பு இல்லாததால் கத்தி பிடியோடு சேர்த்து உறைக்குள் இறங்குகிறது. இறங்குவதால் வார் வேண்டாம், பொத்தான் வேண்டாம். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியை அறுத்தால் மூன்று கண்ணி விழும். விழுந்தது விழட்டும், அதை நீங்கள் என்ன போட்டு நிரப்பினீர்கள் என்பதுதான் உங்கள் பாணி. அதற்குப் பூக்கோ பெயர் வேண்டுமா என்பது பிறகுதான்.

வியர்வை பற்றி: முழு வாலில் பலகைக்கும் இரும்புக்கும் நடுவே இருக்கும் கோடு இரண்டு பக்கமும் சுற்றளவு முழுக்க வெளியே தெரியும். ஈரம் அங்கேதான் புகும். பலகை சுருங்கினால் இரும்பின் ஓரம் உள்ளங்கையில் உராயும். வால் உள்ளே இருந்தால் ஈரம் நுழைய இரண்டே வாய், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. எனவே உங்கள் ஊர்க் காரணமும் என் பக்கம்தான் பேசுகிறது :)

தோல்வார் (திண்டுக்கல்) | புதன், காலை 9.30

உறை பேச்சு வந்துவிட்டது, இனி நான் சும்மா இருக்க முடியாது.

பூக்கோ உறையில் பிடி பாதிக்கு மேல் உள்ளே இறங்கும். அலகு படும் இடத்தில் மெல்லிய மர உள்கூடு ஒன்று இருக்கும், இல்லையென்றால் முனை தோலைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிடும். தோலை நனைத்து, கத்தியை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி உள்ளே வைத்து, பின்பக்கம் நடுவில் தைத்து, விரலாலும் எலும்புத் துண்டாலும் பிடியின் வளைவுமேல் அழுத்தி அழுத்தி உட்காரவைத்துக் காயவிட வேண்டும். காய்ந்ததும் பிடியின் பருத்த இடம் தோலின் கழுத்தைத் தாண்டி இறங்கும்போது "டப்" என்று ஒரு பிடிப்பு கிடைக்கும். தலைகீழாக ஆட்டினாலும் விழாது.

இதற்குத் தாவரப் பதனிட்ட தோல்தான் ஆகும். குரோம் தோல் நனைத்தாலும் சொன்ன பேச்சு கேட்காது, காய்ந்ததும் பழையபடி தொளதொள. நம் திருச்சி, திண்டுக்கல் பக்கத்து ஈ.ஐ. தோல் (ஈஸ்ட் இந்தியா முறையில் தாவரப் பதனிட்டது) இதற்கு எடுப்பானது. ஒருகாலத்தில் ஆவாரம்பட்டையில் பதனிட்டது, இப்போது பெரும்பாலும் வாட்டில் பட்டை. ஆனால் ஆடு வேண்டாம், மாட்டுத் தோல், 2.5 மி.மீ. அளவுக்காவது கனம் இருக்கட்டும்.

உலைக்கரி கத்திக்கு இந்த உறை செய்ய முடியுமா என்றால், முடியாது. காப்பு கழுத்தில் தடுக்கும். தட்டைப் பிடிக்குத் தோல் பிடிமானமே கிடைக்காது. பொத்தான் வைத்த வார்தான் போட்டாக வேண்டும். உறையைப் பார்த்தே கத்தி எந்தக் குடும்பம் என்று சொல்லிவிடலாம் என்பது என் கட்சி.

சாணைக்கல் | புதன், பகல் 1.15

அலகுக்கு வருவோம், அதை எல்லோரும் மறந்துவிட்டீர்கள்.

நிறைய நல்ல பூக்கோவில் அலகின் குறுக்குவெட்டு சாய்சதுரம். கனம் அதிகம் இருப்பது முதுகில் இல்லை. சரிவு தொடங்கும் கோட்டில்தான். அங்கிருந்து முதுகை நோக்கி மறுபடி ஒடுங்கும். மரத்துக்குள் வளைத்துச் சீவும்போது முதுகு உராயாமல் திரும்பும். உலைக்கரியின் அலகு இரண்டு பக்கமும் இணையான தட்டை, 4 மி.மீ. முழுக் கனம் முதுகுவரை போகிறது. பெல்ட் கிரைண்டரில் பட்டையை வைத்து எடுத்தால் இயல்பாக வருவது அதுதான். சாய்சதுரம் வேண்டுமென்றால் அடிக்கும்போதே சம்மட்டியில் வர வேண்டும், அல்லது கிரைண்டரில் இரட்டை வேலை.

அடுத்தது, விளிம்பு வரை ஒரே சரிவு என்றால் வாய் மிகவும் மெல்லிசு. லாரிப் பட்டையில் கரி (கார்பன்) குறைவு, 0.5 முதல் 0.65 சதவீதம் வரைதான். அரிவாளுக்கு அது அமிர்தம், அடி வாங்கும், உடையாது. மெல்லிய வாய் வைத்தால் கடின மரக் கணுவில் மடங்கும். பின்லாந்துக்காரர்கள் விரும்பும் 80CrV2 என்ற எஃகில் கரி 0.8 சதவீத வாக்கில் இருக்கும், வெள்ளி எஃகு என்பதில் 1.1-க்கு மேல். நமக்குச் சுலபமாகக் கிடைப்பது பேரிங் எஃகு, இஎன் 31. கரி 1 சதவீதம் பக்கம். துவைச்சல் (பழுக்கக் காய்ச்சி முக்குவது) எண்ணெயில், சூட்டைக் கொஞ்சம் கவனித்தால் நல்ல பதம் வரும். பழைய ஆட்கள் இரண்டு பச்சிரும்புக்கு நடுவே எஃகு வைத்து, பழுக்கக் காய்ச்சி அடித்து ஒட்டினார்கள், வாய் மட்டும் கடினம், உடம்பு மிருது. அதைச் செய்யச் சொல்லவில்லை, வாயை மட்டும் எண்ணெயில் முக்கி முதுகை மிருதுவாக விட்டாலே போதும்.

ஆகவே வடதுருவம் சங்கிலியில் எஃகையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எஃகு சரிவை முடிவு செய்கிறது.

புதுப்பட்டறை | புதன், மாலை 6.00

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பின்லாந்துக் கத்தியைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், நம் திருப்பாச்சேத்தி அரிவாள், வெட்டுக்கத்தி இதையெல்லாம் வைத்து ஒரு பாணி உண்டாக்கக் கூடாதா?

சாணைக்கல் | புதன், மாலை 6.25

தாராளமாக. தனி இழை போடுங்கள் தம்பி, நானும் வருகிறேன். ஆனால் இங்கே பேசியதையே அங்கேயும் கேட்பேன். அரிவாள் மாதிரி வளைத்து, பேப்பர் வெட்டும் கத்தியில் ஒட்டி "மரபு" என்று போட்டால் விடமாட்டேன். நம் ஊர்ப் பட்டறையிலும் வாலைப் பழுக்கக் காய்ச்சி மரப் பிடிக்குள் இறக்கிப் பூண் போடுவதுதான் வழக்கம், அதை நினைவில் வையுங்கள். முழு வாலும் ரிவிட்டும் நமக்கும் வழிவழியாக வந்தது இல்லை.

கணக்குப்பிள்ளை | புதன், இரவு 9.00

எல்லாம் சரி, கடைசியில் தலைப்பில் என்ன போடுவது? வாங்குகிறவர் இந்த இழையைப் படித்துவிட்டு வரப்போவதில்லை.

உலைக்கரி | வியாழன், காலை 6.50

இரவு உட்கார்ந்து விவரத்தை மாற்றி எழுதிவிட்டேன். இப்படி:

"காட்டு வேலைக் கத்தி. அலகின் நேர் முதுகும் விளிம்பு வரை ஓடும் தட்டைச் சரிவும் பின்லாந்துப் பூக்கோவைப் பார்த்து வைத்தவை. முழு வால், ரிவிட், விரல் காப்பு, பொத்தான் உறை ஆகியவை பூக்கோவில் இல்லாதவை, விறகு பிளக்க வசதியாகச் சேர்த்தவை. லாரிப் பட்டை எஃகு."

காப்பு, வால் இரண்டையும் நான் தவறாக வைக்கவில்லை, விறகு பிளக்கத்தான் வைத்தேன். அந்தக் கருத்தில் மாற்றம் இல்லை. ஆனால் பெயரைத் தலைப்பிலிருந்து விவரத்துக்கு இறக்கிவிட்டேன். தேடுகிறவர் கண்ணிலும் படும், கணக்குப்பிள்ளை சார்.

வடதுருவம் | வியாழன், பகல் 12.10

இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. எதை எடுத்தோம், எதை விட்டோம் என்று இவ்வளவு வெளிப்படையாக இங்கே விற்பவர்கள்கூட எழுதுவதில்லை. இங்கேயும் சுற்றுலாக் கடைகளில் துருவமான் கொம்பு ஒட்டிய மொண்ணைக் கத்திகள் "அசல் பூக்கோ" என்று தொங்குகின்றன.

"விரல் காப்பு" பற்றி ஒரு சொல். விறகு பிளக்கும்போது முதுகில்தான் கட்டையால் அடிப்பீர்கள், கை முன்னால் வழுக்காது. அதற்குக் காப்பு தேவையா என்று ஒரு தடவை இல்லாமல் செய்து பாருங்கள்.

உலைக்கரி | வியாழன், பகல் 12.45

பார்க்கிறேன் அண்ணா. பர்ச் பட்டை இங்கே கிடைக்காது, அதற்கு மாற்றாக எதைக் கோக்கலாம்?

தோல்வார் | வியாழன், பகல் 1.20

தோல் வட்டுதான். உறை வெட்டி மிஞ்சும் ஈ.ஐ. தோல் துண்டுகளை வாலில் கோத்து, ஒவ்வொன்றுக்கும் நடுவில் லேசாக எபாக்ஸிப் பசை தடவி, போல்ட் போட்டு ஒரு ராத்திரி நெருக்கி வையுங்கள். மெழுகு ஏற்றினால் வியர்வை உள்ளே போகாது. துண்டு வேண்டுமானால் என்னிடம் ஒரு கோணிப்பை நிறையக் கிடக்கிறது, அனுப்புகிறேன்.

மரச்சில்லு | வியாழன், இரவு 7.30

அந்தத் தோல் பிடிக் கத்தியில் எனக்கு ஒன்று. அலகு 8 செ.மீ., இஎன் 31, முதுகு ஒடுங்கட்டும், காப்பு வேண்டாம். விலையைத் தனிச் செய்தியில் சொல்லுங்கள் தம்பி.